வீட்டுத் தொட்டிக்கு ஏற்ற முதல் மீன்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் அறிவியல் அறைப் பொறுப்பாசிரியை ஆற்றிய உரை)



குறள் ஒன்றைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவது நம் பள்ளி வழக்கம். இன்று நான் ஒரு மன்னிப்போடு தொடங்க வேண்டியிருக்கிறது. பரிசளிப்பு விழாவில் மீனைப் பற்றி ஏன் இந்த டீச்சர் பேசுகிறார் என்று பலர் நினைப்பீர்கள். காரணம் உண்டு.

சென்ற ஆண்டு இதே மேடையில், அறிவியல் பாடத்தில் முதல் மூன்று இடம் பெற்ற பிள்ளைகளுக்கு என் சொந்தக் கைக்காசில் ஆளுக்கொரு கண்ணாடிக் குடுவையும் இரண்டு தங்கமீனும் கொடுத்தேன். எல்லாரும் கைதட்டினீர்கள். படம்கூட எடுத்தார்கள், போன ஆண்டு மலரில் இருக்கிறது. ஆறு மீன்களில் ஐந்து, பதினைந்து நாளுக்குள் செத்துப் போயின.

அதில் ஒரு பையன், அப்போது நான்காம் ஆண்டு. பெயர் சொல்ல மாட்டேன், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். ஒன்பதாம் நாள் காலையில் செத்த மீனை ஒரு மைலோ டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? வகுப்புக்கு முன்னாலேயே, "நீ ஒழுங்கா கழுவியிருக்க மாட்டே" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவன் அம்மா வந்தார். உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு, கைக்குட்டையைத் தலையிலிருந்து எடுக்காமலே வந்து நின்று, "டீச்சர், இனிமே மீனு குடுக்காதீங்க. புள்ள ராத்திரியில தூங்கல" என்றார். சரி, பிள்ளைகள் என்றால் நாலு நாளில் மறந்துவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து 'எனது செல்லப் பிராணி' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். அவன் எழுதியது இரண்டே வரி. எனக்குச் செல்லப் பிராணி இல்லை. இருந்தால் செத்துவிடும். அவ்வளவுதான். சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் திருத்துவதற்குப் பிழை ஒன்றும் இல்லை.

அன்றைக்குத்தான் அவனைக் கூப்பிட்டு, என்னென்ன செய்தாய் என்று முதல் தடவையாகக் கேட்டேன். "நீங்க சொன்ன மாதிரி சுத்தமா வச்சிருந்தேன் டீச்சர்" என்றான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரை முழுக்கக் கொட்டி, குடுவையையும் கல்லையும் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுத் தேய்த்து, குழாயிலிருந்து நேராகப் புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றியிருக்கிறான். ஒரு வேலையும் குறைக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே செய்ததால் அவன் மீன் செத்தது. ஆகவே, எல்லார் முன்னாலும் அவனைக் குறை சொன்னவள், எல்லார் முன்னாலும் சொல்கிறேன்: தப்பு உன்னுடையது இல்லைப்பா. தப்பு டீச்சருடையது. தெரியாத வேலையைத் தெரிந்த மாதிரி செய்தேன்.

இனி, அந்தத் தப்பு என்ன என்பதைப் பார்ப்போம். இந்தப் பேச்சைக் கேட்டு இன்னொரு வீட்டிலாவது மீன் பிழைக்கட்டும்.

குழாய்த் தண்ணீரில் கிருமி சாகக் குளோரின் போடுகிறார்கள். நமக்கு அது நல்லது. மீனுக்கு அது செவுளைச் சுடும் மருந்து. அந்தப் பையன் வீட்டு மீன் குளோரினாலும் சோப்பினாலும் செத்தது. இன்னொரு மாணவி வீட்டில் தண்ணீரையே மாற்றவில்லை. அங்கேயும் இரண்டு மீனும் போய்விட்டன. அது வேறு சாவு. மீன் தின்று கழிக்கும் கழிவும், தின்னாமல் கிடக்கும் தீனியும் தண்ணீரில் அமோனியாவாக மாறும். அமோனியா என்றதும் நம் பெரியவர்களுக்கு விளங்கியிருக்கும். பால் மரம் வெட்டிய காலத்தில், பால் கட்டிப் போகாமல் இருக்கச் சேர்ப்பார்களே, மூக்கைப் பிடுங்குமே, அதே சரக்குத்தான். எங்கப்பா மரம் வெட்டினவர். ஸ்டோரில் அந்த மூடியைத் திறக்கும்போது பத்தடி தள்ளி நிற்போம். அந்தத் தண்ணீருக்குள்ளேயே மீனை இருபத்து நாலு மணி நேரமும் குடியிருக்கச் சொன்னால் எப்படி? தொட்டியில் நமக்கு வாசனை தெரியாத அளவிலேயே அது மீனைக் கொன்றுவிடும்.

மூன்றாவது வீட்டில் ஒரு மீன் மட்டும் தப்பித்தது. அந்த வீட்டுப் பாட்டி, "இவ்ளோ சின்ன போத்தல்ல மூச்சு முட்டாதா" என்று சொல்லி, புழங்காமல் கிடந்த பழைய சிமெண்டு கோலாவில் தூக்கிப் போட்டுவிட்டார். ஒன்று போகிற வழியில் செத்தது, ஒன்று இன்றைக்கும் இருக்கிறது, ஏறக்குறைய என் கை நீளம் வளர்ந்துவிட்டது. பயிற்சிக் கல்லூரியில் படித்த எனக்குத் தெரியாதது, பள்ளிக்கூடத்துக்கே போகாத பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கோலாவின் சுவரில் பச்சையும் வழுவழுப்பும் படிந்திருந்தது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. ஒருவகை நுண்ணுயிர் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொருவகை, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், செடிக்கு அது உரம். நம் செம்பனைக்குப் போடுகிற தழைச்சத்தும் இந்த வகைதான். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதுமான அளவுக்குப் பெருக நாலு வாரம், சில சமயம் ஆறு வாரம் ஆகும். கடையில் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வருகிறோமே, கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. குடி வருவதற்கு முன்னால் வீடு தயாராக வேண்டாமா?

இதையெல்லாம் தெரிந்துகொண்டபின், அறிவியல் அறையில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு தொட்டி வைத்தோம். ஏறக்குறைய 54 லிட்டர் பிடிக்கும். தண்ணீரின் எடையே 54 கிலோ, அதாவது நம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றைவிடக் கனம். ஆகவே டிவி மேசையில் வைக்கலாமா என்று கேட்காதீர்கள். பஞ்சு ஃபில்டர் ஒன்றும் சின்ன ஏர் பம்ப் ஒன்றும் போட்டு, மீனே இல்லாமல், தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை மட்டும் தண்ணீரில் போட்டுவந்தோம். பிள்ளைகள் சிரித்தார்கள். "டீச்சர் தண்ணிக்குச் சோறு போடுறாங்க" என்று பேச்சு. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனையில் அமோனியா ஏறி, பிறகு இறங்கி, நைட்ரைட் ஏறி, அதுவும் இறங்கிச் சூனியம் ஆன பிறகுதான் முதல் மீனை விட்டோம். இந்தக் கணக்கை எல்லாம் ஒரு பயிற்றுப் புத்தகத்தில் எழுதி வைத்தது அந்தப் பையன்தான். முதலில் வரமாட்டேன் என்றான். மீன் இல்லாத தொட்டி, சாவதற்கு ஒன்றும் இல்லை, சும்மா எழுது என்று சொன்னதும் வந்தான்.

சரி, எந்த மீன்? இதுதான் நான் பேச வந்த விஷயம்.

தாங்கும் மீன் என்றால் சாகாத மீன் என்று பொருளில்லை. நம் ஊர்த் தண்ணீரின் வெப்பத்தையும், நாம் பழகும்வரை செய்கிற சின்னச் சின்னத் தவற்றையும் பொறுத்துக்கொள்கிற மீன். தங்கமீன் விலை மலிவு, பார்க்க அழகு, அதனால் எல்லாரும் முதலில் அதையே வாங்குகிறார்கள். ஆனால் அது கெண்டை இனம். குளிர்ந்த தண்ணீரை விரும்பும், நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும், சாதாரண வகை ஓரடி வரைக்கும் வளரக்கூடியது, பத்து வருஷத்துக்கு மேலும் வாழும். அதைக் குடுவையில் போடுவது, மாட்டைக் கோழிக்கூண்டில் கட்டுவது போல. நம் நாட்டில் ஹீட்டர் வேண்டாம், தண்ணீர் சும்மாவே 27, 28 டிகிரி இருக்கும். சூடான தண்ணீரில் உயிர்வாயு குறைவாகத்தான் கரையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனவே, முதல் தடவை வளர்ப்பவருக்கு நான் சொல்வது சண்டை மீன், அல்லது கப்பி. இரண்டும் நமக்குப் புதிதல்ல. இக்கான் லாகாவைப் போத்தலில் போட்டு, நடுவில் அட்டையை வைத்து மறைத்து, பிறகு அட்டையை எடுத்து இரண்டும் சிலிர்க்கிறதை வேடிக்கை பார்க்காத அண்ணன்மார் இந்தக் கூட்டத்தில் உண்டா? அந்த மீன் அவ்வளவு சின்னப் போத்தலில் எப்படிப் பிழைத்தது என்று கேளுங்கள். அதன் தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றறை போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து நம்மைப்போல் காற்றை விழுங்கிச் சுவாசிக்கும். செப்பாட்டுக்கும் புயூவுக்கும்கூட அது உண்டு. அதனால்தான் புயூ வெளியில் எடுத்துப் போட்டாலும் வெகுநேரம் துள்ளிக்கொண்டிருக்கிறது. தாய்லாந்து நாடு 2019ல் சண்டை மீனைத் தன் தேசிய நீர்வாழ் உயிராகவே அறிவித்தது. ஆனால் பிழைப்பது வேறு, வாழ்வது வேறு. போத்தலில் அமோனியா ஏறத்தான் ஏறும். பதினைந்து, இருபது லிட்டர் தொட்டியில் ஓர் ஆண் மீன், ஒன்றே ஒன்று. ஒரு கெத்தாப்பாங் சருகு போட்டால் தண்ணீர் தேத்தண்ணி நிறமாகும், அதற்கு அது பிடிக்கும். மருந்து அடித்த மரத்திலிருந்து சருகு எடுக்காதீர்கள். இரண்டு ஆணை ஒன்றாக விட்டால் என்ன ஆகும் என்று அண்ணன்மாரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மகனுக்கு நீங்களே சொல்லிக் கொடுக்காமல் இருந்தால் சரி.

கப்பி என்பது நம் லோங்காங் மீன். அதன் சொந்த ஊர் லோங்காங் அல்ல. தென்னமெரிக்காவின் வடகிழக்கு முனையும் டிரினிடாட் தீவும். கொசுப்புழுவைத் தின்னும் என்று பல நாடுகளுக்கும் கொண்டுபோய் விட்டார்கள். டிரினிடாடிலிருந்து இந்த மீனை லண்டனுக்கு அனுப்பிய ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவரின் பெயரை 1866ல் இதற்கு வைத்தார்கள். ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1859ல், ஜெர்மானிய அறிஞர் பீட்டர்ஸ் இதற்கு வேறொரு அறிவியல் பெயர் கொடுத்திருந்தார். அறிவியல் ஏட்டில் நிற்பது பீட்டர்ஸ் வைத்த பெயர், ஊர் வாயில் நிற்பது கப்பி. கடையில் விசிறி மாதிரி வாலோடு விற்கிறார்களே, அது அழகுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. உடம்பு அவ்வளவு உரம் இல்லை. வால் சின்னதாக, சாதாரணமாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். லோங்காங்கில் பிடிக்கிறேன் என்று பிள்ளைகள் இறங்கக்கூடாது. எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் விளையாட்டல்ல.

கப்பியில் ஆணும் பெண்ணும் கலந்து வாங்கினால், ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒரு தடவை குட்டி போடும். ஆமாம், முட்டையல்ல, நீந்துகிற குட்டி. ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண், பிறகு ஆணே இல்லாமல் பல மாதம் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். பெண் மீன் ஒன்றுதானே வாங்கினோம் என்று ஒரு பெற்றோர் என்னிடம் வந்து மலைத்து நின்றார். இடம் இல்லாதவர்கள் ஆண் கப்பி மட்டும் ஐந்தாறு வாங்கினால் போதும், முப்பது லிட்டருக்கு அது சரியாக இருக்கும். குட்டியைத் தாயே தின்னும். தண்ணீர்ச்செடி அடர்த்தியாக இருந்தால் சில தப்பிக்கும்.

இரண்டடித் தொட்டி வைக்க முடிந்தவர்கள் வரிக்குதிரை மீனை வளர்க்கலாம், ஜீப்ரா டேனியோ என்பார்கள். கங்கைப் பக்கத்து மீன். நீலமும் வெள்ளியுமாய்க் கோடு, ஒரு நிமிடம் சும்மா இருக்காது. ஆராய்ச்சிக்கூடங்களில் இதை வைத்துத்தான் நோய்களைப் பற்றிப் படிக்கிறார்கள். மனித மரபணுக்களில் நூற்றுக்கு எழுபதுக்கு இணையானது இந்த மீனிலும் இருப்பதாக 2013ல் கண்டறிந்து வெளியிட்டார்கள். ஆறுக்குக் குறையாமல் கூட்டமாக வைக்க வேண்டும். துள்ளிக் குதிக்கும், மூடி அவசியம். எனக்கு இதைவிடப் பிடித்தது ஹார்லிகின் ராஸ்போரா. செம்பு நிற உடம்பில் வால்பக்கம் கறுப்பு முக்கோணம். உலகம் முழுக்கத் தொட்டிகளில் நீந்தும் இந்த மீன் நம் தீபகற்பத்துச் சதுப்புக்காட்டு ஓடைகளில் பிறந்தது. நம் நாட்டு மென்மையான தண்ணீருக்கு அது பழக்கப்பட்டது. அதே காரணத்தால்தான் மோலி மீனை முதலில் வாங்காதீர்கள் என்கிறேன். கடைக்காரர் நல்ல மீன் என்பார். அது சுண்ணாம்புச் சத்துள்ள கடினத் தண்ணீரைக் கேட்கும். மலைக்காட்டிலிருந்து வரும் மென்னீரில் சோர்ந்து, உடம்பை ஆட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும்.

இக்கான் பண்டாராயாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விரல் அளவு குட்டியைக் கொடுப்பார்கள். அது ஓரடியைத் தாண்டி வளரும். வளர்ந்ததும் வீட்டில் வைக்க முடியாமல் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் அது பெருகிக் கிடக்கிறது. இப்போது ஆட்கள் வலை எடுத்துப்போய் அதைப் பிடித்து ஒழிக்க வேண்டியிருக்கிறது. எந்த மீனானாலும் வேண்டாமென்றால் என்னிடம் கொண்டுவந்து கொடுங்கள். ஆற்றிலோ லோங்காங்கிலோ விடாதீர்கள்.

வளர்க்கும் விதம் சுருக்கமாகச் சொல்கிறேன், நேரமணி அடிக்கப் போகிறார்கள். குழாய்த் தண்ணீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். சிங்கப்பூரில் உறவினர் வீட்டில் இதைச் சொல்லாதீர்கள். அங்கே குளோராமைன் போடுகிறார்கள், அது வைத்திருந்தாலும் போகாது, கடையில் விற்கும் சொட்டு மருந்துதான் வேண்டும். அந்த வாளி மீனுக்கென்றே இருக்கட்டும். மருந்தடிக்கும் வாளியை எத்தனை முறை கழுவினாலும் மீனுக்கு எடுக்கக்கூடாது. வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். பஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள், குழாயடியில் கழுவினால் நுண்ணுயிர் எல்லாம் செத்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொசுப்புகை அடிக்க வரும் நாளில் ஏர் பம்பை நிறுத்தித் தொட்டியை ஈரத்துணியால் மூடி வையுங்கள், புகை அடங்கியதும் திறந்து, பம்பைப் போடுங்கள். அந்த மருந்து மீனுக்குக் கடும் விஷம்.

தீனி விஷயத்தில்தான் நம்மவர்களுக்குக் கை அடங்காது. வந்தவர்களுக்கு இலை நிறையப் போட்டுப் பழகிய கை. மீனின் வயிறு அதன் கண் அளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிப்பதைக் காலையிலும் சாயங்காலமும் போட்டால் போதும். தாத்தா ஒரு தடவை, பேரன் ஒரு தடவை, அப்பா வந்து ஒரு தடவை என்றால் தொட்டி தாங்காது; வீட்டில் ஒருவரே போடட்டும். கொசுப்புழு மீனுக்கு நல்ல தீனிதான், ஆனால் அதற்காக வாளியில் தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபராதம் வரும், டிங்கியும் வரும்.

இந்த ஆண்டுப் பரிசுகளுக்கு வருகிறேன். மேசையில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் முப்பது லிட்டர். உள்ளே மீன் இல்லை. பார்த்துவிட்டு யாரும் ஏமாற வேண்டாம். மூடி, பஞ்சு ஃபில்டர், ஏர் பம்ப், ஒரு கட்டு தண்ணீர்ச்செடி, தேதி போட்ட ஒரு பயிற்றுப் புத்தகம் இவை உண்டு. ஃபில்டர் பஞ்சு அழுக்காக இருக்கிறது என்று அம்மாமார் யாரும் சோப்புப் போட்டுவிடாதீர்கள். அது ஆறு வாரமாக நம் அறிவியல் அறைத் தொட்டியில் ஊறிய பஞ்சு, அந்த அழுக்குத்தான் உண்மையான பரிசு. வீட்டுக்குப் போனதும் காயவிடாமல் தண்ணீரில் போட்டுவிடுங்கள், பம்பை நிறுத்தாதீர்கள், தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். பஞ்சு பழையது என்பதால் நாலு வாரம் தேவைப்படாது. இரண்டு வாரம் கழித்து ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்து வந்தால் சோதித்துச் சொல்வோம்.

நிறம் சரியாக வந்தால் ஆளுக்கு மூன்று ஆண் கப்பி கிடைக்கும், அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் மூன்று. அவை கடை மீன் அல்ல. அறிவியல் அறைத் தொட்டியில் பிறந்தவை. குட்டிகளைப் பிரித்து, எண்ணி, புத்தகத்தில் எழுதி வளர்த்தவன் இப்போது ஐந்தாம் ஆண்டு. வெள்ளிக்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்னால் அறிவியல் அறை வாசலில் அவன்தான் இருப்பான். எந்த வீட்டுத் தண்ணீருக்கு மீன் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று அவன் சொல்வதுதான் முடிவு. என்னிடம் வந்து சிபாரிசு கேட்காதீர்கள். மூடியுள்ள, சோப்பு படாத ஜாடி கொண்டு வாருங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனதும் ஜாடியைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள்.